ஒட்டகம் இன்னும் எழவில்லை

மார்ச் 2

என் வீட்டுக்காரிக்கு,

நேற்று தொலைபேசியை உன் அக்காதான் எடுத்தார். "அவ பேச மாட்டாளாம். 'பார்க்கலாம்'ங்கற வார்த்தையைத் தவிர வேற ஏதாவது சொல்றதுக்கு இருந்தா எழுதி அனுப்பச் சொன்னா" என்றார். பக்கத்தில் நீ தொண்டையைக் கனைத்தது எனக்குக் கேட்டது. ஆகவே எழுதுகிறேன்.

"எப்போ வந்து கூட்டிட்டுப் போவீங்க?" என்று நீ கேட்டதற்கு நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஒட்டகம் படுத்துவிட்டது. முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து உன்னை அக்கா வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினேன் அல்லவா, மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால் வாசலில் கார் தரையோடு தரையாகக் கிடந்தது. சக்கரங்கள் பாதி உடம்புக்குள் போயிருந்தன. யாரோ மேலிருந்து உள்ளங்கையால் அமுக்கிவிட்டதைப் போல இருந்தது. நீ ஏறுவதற்குத் தாழ்ந்து, ஏறியபின் உயரும் வண்டி என்பதால் அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்தவள் நீதான். இப்போது அது தாழ்ந்தபடியே இருக்கிறது.

பட்டறைக்காரர் வந்து குனிந்து பார்த்தார். "சார், மத்த வண்டிக்கெல்லாம் இரும்பு ஸ்பிரிங். இதுக்கு நாலு மூலையிலும் ரப்பர் பை, பைக்குள்ள காத்து. காத்தை அடிக்கிற கம்ப்ரஸர் செத்துப்போச்சு. இந்தக் காத்துப் பொழப்பே வேணாம், நாலு இரும்பு ஸ்பிரிங்கைப் போட்டு விட்டுர்றேன்" என்றார்.

"குலுங்குமா?" என்று கேட்டேன்.

"வண்டின்னா குலுங்கத்தானே சார் செய்யும்?"

உன் டாக்டர் சொன்னது என் காதில் இருந்தது. முதுகில் ஓர் அதிர்வுகூடப் படக்கூடாது, கண்ணாடிச் சாமானைப் போலக் கொண்டு போங்கள் என்றார். அவ்வளவு தூரச் சாலையில் இரும்பின் மேல் உன்னை உட்கார வைத்து எப்படி அழைத்து வருவேன்? ரயில் படியில் நீ ஏற முடியாது. ஆம்புலன்ஸ் என்றால் "நான் என்ன பிணமா?" என்பாய். அதனால் பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்றேன். உன்னைக் கேட்காமல் நானாக எடுத்த முடிவு.

இனி சொல்லப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. கம்ப்ரஸரைக் கழற்றி, நம் சாப்பாட்டு மேசையின் மேல் வைத்துப் பிரித்தேன். பழைய போர்வையை விரித்துத்தான் பிரித்தேன். ஒரு சொம்பு அளவுகூட இல்லை. உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஒரு பிஸ்டன். அதன் இடுப்பில் ஒரு வளையம், ரிங் என்கிறார்கள். அது தேய்ந்து மழுங்கியிருந்தது. அவ்வளவுதான் நோய். அந்தச் சின்ன வளையம் காற்றைப் பிடித்து நிறுத்தியதால்தான் இத்தனை காலம் அந்தப் பெரிய வண்டி நின்றிருக்கிறது.

உனக்குத் தெரியும், வானிலை நிலையத்தில் வேலை பார்த்த காலம் முழுக்கக் காற்றழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியவன் நான். பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வரும்போதெல்லாம் காற்றுக்கு எடை உண்டு, வலு உண்டு என்று சொல்லியிருக்கிறேன். சொன்னேனே தவிர நம்பினேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. மேசையருகே உட்கார்ந்து அந்த வளையத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது ரிங் வாங்கிப் போட்டேன். ஈரத்தை உறிஞ்சும் வெள்ளை மணிகளையும் மாற்றினேன். ரிங் பிதுங்காமல் பிஸ்டனை உள்ளே இறக்க, வழுவழுப்பான மெல்லிய தகடு ஒன்றைச் சுற்றிப் பிடிக்க வேண்டியிருந்தது. உன் பழைய எக்ஸ்ரே ஒன்றின் ஓரத்தை வெட்டினேன். எலும்பு இல்லாத கறுப்பு ஓரம்தான்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்தேன். கார் எழவில்லை. எங்கே தவறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். நான் சரியாகத்தான் செய்தேனா என்பதே சந்தேகம். முதுகு எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 7

வீட்டுக்காரருக்கு,

எக்ஸ்ரேயையா வெட்டினீங்க? எலும்பு இல்லாத ஓரமாம். என் முதுகைப் பத்தி உலகத்துல இருக்கிற ஒரே சாட்சி அது. அத்தானுக்குப் படிச்சுக் காட்டினேன், சிரிச்சுச் சிரிச்சு மனுஷனுக்குப் புரையேறிடுச்சு. "உன் முதுகெலும்பை வச்சுத்தான் என் சகலை கார் ஓட்டப் போறாரு"ங்கறார்.

சாப்பாட்டு மேசையைப் பத்தி இப்போ ஒண்ணும் சொல்லல. நேர்ல சொல்றேன். நேர்ல பார்க்கிற நாள் வந்தா.

கேஸ் மூடியாச்சான்னு என்னை எழுப்பிக் கேக்கிற ஆளு, வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆளு, கம்ப்ரஸரைப் பிரிச்சீங்களா? முதல்ல நம்பவே இல்ல. அக்காகிட்டக் கடுதாசியைக் கொடுத்து, "இது அவர் கையெழுத்துதானா பாரு"ன்னேன். கோபம் பாதி போயிடுச்சு. மீதி பாதி இருக்கு.

அது எதுக்குன்னா, இங்க நிலைமை இப்படி. அக்கா கீழ் அறையை எனக்குன்னு ஒதுக்கிட்டா. "மேலே கீழே ஏற வேணாம், குளியலறை பக்கத்துல, எதுக்கு அவ்வளவு தூரம் போற? அவரையும் இங்க வரச் சொல்லு"ங்கறா. சுவத்துல கைப்பிடி பதிக்கத் தச்சரை இருபத்தஞ்சாம் தேதி வரச் சொல்லியிருக்கா. அதுக்குள்ள நான் ஆமா இல்லைன்னு சொல்லணும். நல்ல மனசோடதான் செய்றா, அதுதான் கஷ்டம். கைப்பிடியைப் பதிச்சுட்டா நான் இந்த வீட்டு ஆளு ஆயிடுவேன். உங்களுக்கு இந்த ஊர் ஒத்துக்காது, சொல்லவும் மாட்டீங்க. ஆளுக்கொரு ஊர்ல கிடப்போம்.

முந்தாநாள் டாக்டர் என்னைக் கையை விட்டுத் தனியா நிக்கச் சொன்னார். நின்னேன். எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா, நிக்கிறது! பாதத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு எலும்பும் அடுத்ததைத் தூக்கிப் பிடிக்குது. இதுக்கு முன்னால எத்தனை தடவை நின்னிருப்பேன், ஒரு தடவைகூடக் கவனிச்சதில்ல. உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு. அக்காகிட்டச் சொன்னா "சரி, சாப்பிடு"ங்கறா.

இருபதாம் தேதிக்கு மேல பயணம் போகலாமாம், குலுங்கக் கூடாது, அவ்வளவுதான். வண்டி எழுமா எழாதா? முடியாதுன்னா முடியாதுன்னு எழுதுங்க. 'பார்க்கலாம்' மட்டும் வேணாம்.

நான்தான்

மார்ச் 12

என் வீட்டுக்காரிக்கு,

நீ நின்றதை இரண்டு முறை படித்தேன். பிறகு நானும் ஒருமுறை எழுந்து நின்று பார்த்தேன். நீ சொன்னது சரி.

இனி காரைப் பற்றி. ஒழுங்காகச் சொல்கிறேன், எங்காவது என் புத்தி தவறியிருந்தால் உனக்காவது தெரியும்.

முதலில் கம்ப்ரஸர் ஓடவே இல்லை. மின்சாரத்தை அதற்கு அனுப்பும் ரிலே கறுத்துப்போயிருந்தது, ரிங் தேய்ந்திருந்த நாட்களில் கம்ப்ரஸர் மூச்சு வாங்கி வாங்கி அதையும் கெடுத்திருக்கிறது. புதிது போட்டேன். ஓடியது. என்ன சத்தம் தெரியுமா! சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, தூங்கும் பூனையின் முதுகில் கையை வைத்தால் வருமே, அப்படி ஒரு நடுக்கம்.

அடுத்துக் கசிவு. சோப்புத் தண்ணீரைக் குழைத்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். ஒரே ஓர் இடத்தில் குமிழி வந்தது. மெதுவாக ஊதி, பட்டாணி அளவாகி, வானத்தையும் என் மூக்கையும் தனக்குள் காட்டிவிட்டு உடைந்தது. அந்தக் குழாய் எவ்வளவு மெல்லியது என்று நீ பார்க்க வேண்டும், பேனாவுக்குள் இருக்கும் மைக்குழாயைவிடச் சற்றே பெரியது. அவ்வளவு பெரிய வண்டியைத் தூக்கும் வலு இதற்குள்ளேதான் போகிறது. முனையைச் சீராக வெட்டி மறுபடி செருகினேன். குமிழி நின்றது.

முன்பலகையில் எச்சரிக்கை விளக்கு மட்டும் அணையவில்லை. மாடியில் குடியிருக்கும் டாக்சிக்காரம்மா, வண்டியின் கோளாறுகளைப் படித்துக் காட்டும் தன் ஸ்கேனரைக் கொண்டுவந்து வண்டியில் செருகினார். "ஐயா, இந்த வண்டிக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி. பழைய கோளாறையெல்லாம் மனசுல வச்சுக்கிட்டே இருக்கும். நாமதான் அழிக்கணும், அப்பதான் புதுசாப் பேசும்" என்றார். உன் நினைவு வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

அழித்தபின் விளக்கு அணைந்தது. கம்ப்ரஸர் அடிக்கும் காற்றைப் பைகளுக்கு விடும் முன் சேர்த்து வைக்க ஒரு தொட்டி உண்டு, ஸ்கேனரின் திரையில் அதன் அழுத்தம் எண்ணாக ஏறியது. நாம் சுவாசிக்கும் காற்றைப் போலப் பத்து மடங்கு வரை ஏறி நின்றது. வேலை பார்த்த காலத்தில் புயலுக்கு முன் ஊசி ஒரு மயிரிழை இறங்கினாலே ஊரெல்லாம் தகவல் சொல்வோம். இங்கே என் சாப்பாட்டு மேசையில் பூட்டிய பிஸ்டன் பத்து மடங்கை ஏற்றிக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

ஆனால் கார் எழவில்லை.

தினமும் காலையில் முறையாகச் செய்கிறேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்கிறேன். எஞ்சினை ஓடவிடுகிறேன். உயர்த்தும் பொத்தானை அழுத்துகிறேன். கம்ப்ரஸர் சற்று நேரம் ஓடுகிறது, தானாகவே நின்றுவிடுகிறது. தொட்டி நிறைந்திருக்கிறது, பைகளுக்குப் போகவில்லை. முன்பலகையில் வேறு எந்த விளக்கும் எரியவில்லை. கதவு திறந்திருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு மட்டும்தான். அதற்குக் காரணம் தெரியும், கதவு திறந்துதான் இருக்கிறது. கோளாறு எதுவும் இல்லை என்று ஸ்கேனர் சொல்கிறது. கோளாறு எதுவும் இல்லாத கார் ஒன்று வாசலில் படுத்துக்கிடக்கிறது.

நான் பிரித்து மாட்டியபோது தூசியை உள்ளே விட்டிருப்பேன், அது பைகளுக்குக் காற்றைத் திறந்துவிடும் வால்வில் போய் அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். தவறு என்னுடையதாகத்தான் இருக்கும். மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவதா, பட்டறைக்காரரைக் கூப்பிட்டு இரும்பு ஸ்பிரிங்கைப் போடச் சொல்லிவிடுவதா? இரும்பைப் போட்டால் நீ வர முடியாது. போடாவிட்டால் காரே வராது. உன் அக்காவுக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. நீயே சொல், என்ன செய்யட்டும்?

உன் வீட்டுக்காரன்

மார்ச் 16

வீட்டுக்காரருக்கு,

எதையும் கழற்றாதீங்க. ஸ்குரூ டிரைவரைக் கீழ வைங்க. பட்டறைக்காரரைக் கூப்பிடாதீங்க. முதல்ல நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க.

கதவு ஏன் திறந்திருக்கு?

எனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. ஒண்ணும் தெரியாது. உங்களைத் தெரியும். பல் டாக்டர் நாற்காலியில ஒரு காலைத் தரையில ஊணிக்கிட்டுப் படுப்பீங்க. எங்க போனாலும் வாசலை ஒட்டின நாற்காலிதான். லிஃப்ட்ல பொத்தானுக்குப் பக்கத்துலதான் நிப்பீங்க. வண்டி தூக்கி எறிஞ்சுடுமோன்னு பயந்து, கதவைத் திறந்து வச்சு, ஒரு காலை வெளியே போட்டுக்கிட்டுத்தானே பொத்தானை அழுத்துறீங்க? சத்தியமாச் சொல்லுங்க.

இப்போ நான் சொல்றதைக் கேளுங்க. அந்த வண்டியில நான் ஏறுற முறை உங்களுக்கு நினைவிருக்கா? நீங்க என்னைத் தாங்கி உட்கார வச்சு, தலையணையைச் சரி பண்ணி, என் பக்கக் கதவைச் சாத்திட்டு, டிக்கி பூட்டியிருக்கான்னு பார்த்து, டயரைப் பார்த்து, வீட்டுப் பூட்டைத் திரும்ப இழுத்துப் பார்த்து, அப்புறமா வந்து உட்காருவீங்க. அவ்வளவு நேரமும் ஒட்டகம் படுத்தே இருக்கும். எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், ஆனா அசையாது. கடைசியா நீங்க உள்ளே வந்து உங்க கதவை 'டொப்'னு சாத்துவீங்க பாருங்க, அதுக்கு அப்புறம்தான் எழும்பும். ஒரு தடவைகூட அதுக்கு முன்னால எழுந்ததில்ல. நீங்க பெல்ட்டு, கண்ணாடின்னு பார்த்துக்கிட்டு இருப்பீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க. என் முதுகு கவனிச்சிருக்கு. வலி இருக்கிறவளுக்கு வண்டி மூச்சு விட்டாலும் தெரியும்.

ஒரு நாள் நடுவுல என் புடவைத் தலைப்பு மாட்டிக்கிச்சுன்னு கதவைத் திறந்தேன். பாதி எழுந்த வண்டி அப்படியே நின்னுடுச்சு. சாத்தினதும் மிச்சத்தையும் எழுந்துச்சு. ஏறிட்டோ இறங்கிட்டோ இருக்கிற ஆளைக் கீழே தள்ளிடக் கூடாதுன்னு அதுக்கு ஒரு நிதானம் இருக்கு. உங்களைவிட நிதானம்.

அதனால, போய் உட்காருங்க. ரெண்டு காலையும் உள்ளே வைங்க. எல்லாக் கதவும் சாத்தியிருக்கான்னு பாருங்க, பார்க்கிறதுல உங்களை மிஞ்ச ஆள் இல்ல. கடைசியா உங்க கதவைச் சாத்துங்க. கண்ணை மூடிக்கணும்னா மூடிக்கங்க. பொத்தானை அழுத்துங்க.

எழுந்தா வாங்க. எழலைன்னா ஒண்ணும் எழுத வேணாம், நான் அக்காகிட்டச் சரின்னு சொல்லிடுறேன், தச்சர் வரட்டும். இருபத்தஞ்சாம் தேதி காலையில நான் ஜன்னல்கிட்ட உட்கார்ந்திருப்பேன்.

நான்தான்

மார்ச் 22

என் வீட்டுக்காரிக்கு,

ஒரு கால் வெளியேதான் இருந்தது. இடது கையால் கதவையும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். எல்லாக் கதவையும் பார்த்தேன், டிக்கியையும்தான். இரண்டு காலையும் உள்ளே எடுத்து வைத்தேன். என் கதவைச் சாத்துவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன், நீ சிரிப்பாய்.

சாத்தினேன். தெருவின் சத்தம் வெளியே நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு அணைந்தது. அந்த அமைதியில் என் மூச்சு எனக்கே கேட்டது. பொத்தானில் விரலை வைத்தேன். அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்த அந்த நொடியில், எனக்குப் பின்னால் யாரோ மெல்லப் பெருமூச்சு விட்டார்கள். முதலில் பின்புறம் எழுந்தது. நான் முன்னால் சற்றுச் சாய்ந்தேன், கத்தியிருப்பேன் என்றே நினைக்கிறேன். பிறகு முன்புறம். ஒட்டகமும் பின்னங்கால்களைத்தான் முதலில் ஊன்றி எழும். உனக்கு எப்படி அந்தப் பெயர் தோன்றியதோ!

தூக்குவதுபோலவே இல்லை. நான் அப்படியேதான் இருந்தேன். எதிரே இருந்த மதில்தான் இறங்கிக்கொண்டே போனது. முதலில் மதிலின் மேல்விளிம்பு, அடுத்து அதற்குப் பின்னால் ஒரு கொடியில் காயும் சட்டைகள், அதற்குப் பின்னால் தெருமுனை, அங்கே சைக்கிளில் போன யாரோ ஒருவர், அவர் தலைக்கு மேல் வானம். காற்று என்னை அங்கே வைத்துவிட்டு நின்றது. நான் ஆயுள் முழுக்க எண்களாக எழுதி வைத்த அதே காற்று. நாளெல்லாம் நம் மூக்கில் போய் வரும் அதே காற்று. அதன் மேல் நான் உட்கார்ந்திருந்தேன், ஒரு துளி அசைவு இல்லாமல். எனக்கு இறங்கத் தோன்றவில்லை. இத்தனை நாளும் அது தூக்கத் தயாராகத்தான் இருந்திருக்கிறது. நான் கதவைச் சாத்துவதற்காக, நிறைந்த தொட்டியோடு காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மாடியிலிருந்து டாக்சிக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஐயா, எழுந்துடுச்சு! என்ன பண்ணீங்க?" என்று கூவினார்.

"கதவைச் சாத்தினேன்மா."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அவர் நம்பவில்லை. நான் ஏதோ பெரிய ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். நான்கு சக்கரங்களுக்கும் மேலே சுண்ணக்கட்டியால் கோடு போட்டு அளந்து வைத்தேன். மறுநாளும் அளந்தேன், இன்றும் அளந்தேன். இறங்கவில்லை. ஊருக்கு வெளியே உடைந்த சாலை இருக்கிறதே, அதில் ஒரு டம்ளர் தண்ணீரை உன் இருக்கையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். தலையணை நனைந்தது, ஆனால் கொஞ்சம்தான். அது என் ஓட்டத்தின் குறை, இன்னும் மெதுவாக வருகிறேன். மேசையைத் துடைத்துவிட்டேன். ஓர் எண்ணெய்க் கறை மட்டும் போக மாட்டேன் என்கிறது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளை மறுநாள் காலையில் கிளம்புகிறேன், வழியில் ஓர் இரவு தங்கி, இருபத்தைந்தாம் தேதி தச்சர் வருவதற்கு முன் அங்கே இருப்பேன். இருப்பேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? கடிதத்தை உன் கையிலேயே தருகிறேன். அக்கா, சகலை முன்னால் படிக்காதே. காரில் உட்கார்ந்தபின் படி.

உன்னை உட்கார வைத்து, தலையணையைச் சரி செய்து, உன் பக்கக் கதவைச் சாத்துவேன். டிக்கியையும் டயரையும் அதற்கு முன்பே பார்த்துவிடுகிறேன், பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்தபின் பெல்ட்டு, கண்ணாடி எதையும் உடனே தொட மாட்டேன். நீ இத்தனை காலம் தனியாகவே உணர்ந்த ஒன்று இருக்கிறது, பக்கத்திலேயே இருந்தும் நான் தவறவிட்டது. நீ இந்த வரிக்கு வந்ததும் தலையை ஆட்டு. நான் என் கதவைச் சாத்துகிறேன்.

உன் வீட்டுக்காரன்